பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய மின்கம்பிகள்

எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செப்பனிட முற்படுவோர் பெரும்பாலும் எஞ்சினிலேயே கண்ணாயிருப்பர். பிஸ்ரனை மாற்றுவர், வால்வுகளை அரைத்துப் பொருத்துவர், பெற்றோல் தாங்கிக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் நிறந்தீட்டுவர். இவ்வளவும் முடிந்த பின்னர் முன்விளக்கின் கிண்ணத்தைத் திறந்து பார்த்தால், அதனுள்ளே வெடித்த இரப்பரும், கருகிய பஞ்சு நூலும், வீட்டுச் சுவரிலிருந்து கழற்றியெடுத்த கம்பித் துண்டுகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டுக் கிடக்கும். எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நிற்கும், அவ்வளவே. மின்கம்பி பழுதுபட்டாலோ, வளைவான வீதியொன்றில் இருளிலே விளக்கு அணையும். அன்றேல் பெற்றோல் தாங்கியின் அடியிலே நெருப்புப் பிறக்கும். ஆதலின் இவ்வேலை ஏனைய வேலைகளுக்குப் பிந்தியதன்று. அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணப்பட வேண்டியது.

நேயர்களுக்கு விளங்கும் பொருட்டு ஒரு குறித்த இயந்திரத்தை எடுத்துக்கொள்வது நன்று. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே பி.எஸ்.ஏ. நிறுவனம் 1937இல் வெளியிட்ட எம் 20 என்னும் வகை, இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படைகளுக்கென ஏறத்தாழ 126,000 செய்யப்பட்டது. ஒற்றை உருளையும், 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், பக்க வால்வும் உடைய இது, விரைவிற் சிறந்ததென்று எவரும் புகழாத, ஆயினும் எளிதில் விழுந்துவிடாத ஓர் உழைப்பாளி வண்டி. அதே நிறுவனத்தின் 350 கன சென்ரிமீற்றர் பி 31 வகை 1945இல் வெளிவந்தது. இவை போன்ற பல பிரித்தானிய வண்டிகளுக்கு மின்சாதனங்களைச் செய்தளித்தவர் பேர்மிங்காமையே சேர்ந்த லூக்காஸ் நிறுவனத்தார். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜோசப் லூக்காஸ், மண்ணெண்ணெய் விற்றுத் தொழிலைத் தொடங்கி, பின்னரே துவிச்சக்கர வண்டி விளக்குக்கு வந்தவர். அவருடைய விளக்கொன்றுக்கு 'வீதியின் அரசன்' என்று பெயர். பிற்காலத்து ஓட்டுநர் அவருக்குச் சூட்டிய பட்டமோ 'இருளின் இளவரசன்' என்பது. இந்தக் கேலி முற்றும் நியாயமானதன்று. பழைய லூக்காஸ் கருவிகளைக் கழற்றிப் பார்த்தவர், அவை நேர்த்தியான வேலைப்பாடு உடையன என்பதை அறிவர். இருளுக்குக் காரணம் பெரும்பாலும் கருவிகள் அல்ல. அவற்றைத் தொடுக்கும் கம்பிகளும், பின்வந்த பலருடைய கைகளுமே.

இனி, இத்தகைய வண்டியிலே மின்சாரம் எங்ஙனம் பிறந்து எவ்வழி செல்கின்றது என்பதைப் பார்ப்போம். இங்கே இரண்டு மின்னமைப்புகள் உள. ஒன்று தீப்பொறிக்கு உரியது. மற்றது விளக்குக்கு உரியது. தீப்பொறியைத் தருவது மக்னீற்றோ. நிலைக்காந்தத்தின் துணைகொண்டு தன் மின்னைத் தானே பிறப்பிப்பதால், அது பற்றரியை எதிர்பார்ப்பதில்லை. பற்றரி செத்துக்கிடந்தாலும் எஞ்சின் உயிர் பெறுவது இதனாலேதான். விளக்குகளுக்கு வேண்டிய மின்னைத் தருவது டைனமோ. லூக்காஸ் நிறுவனத்தார் மக்னீற்றோவின் முதுகிலே டைனமோவை ஓர் இரும்புப் பட்டையாற் கட்டி வைத்து, இரண்டையும் ஒரே பல்லிணைப்பால் ஓட்டினர். அவ்விரட்டைக் கருவிக்கு 'மக்டைனோ' என்று பெயர். உடலால் ஒட்டியிருப்பினும் மின்னால் இரண்டும் வேறானவை. மக்னீற்றோவிலிருந்து வெளிவரும் நிறுத்தற் கம்பி அதனைப் புவித்தொடுப்புக்கு இட்டு எஞ்சினை அணைப்பதற்கு மட்டுமே உரியது. அக்கம்பியிற் பற்றரியின் மின்னைச் செலுத்தினால் மக்னீற்றோவின் காந்த வலிமை கெடும், சுருளும் கெடும். புதிதாக இவ்வேலையில் இறங்குவோர் முதலில் மனத்திற் பதிக்க வேண்டியது இதுவே.

டைனமோவுக்கு இரண்டு முனைகள் உள. ஒன்று மின்னை வெளியே தருவது. மற்றது புலச்சுருளுக்குச் செல்வது. இவ்விரண்டும் றெகுலேற்றர் எனப்படும் ஒழுங்காக்கிப் பெட்டிக்குச் செல்கின்றன. அப்பெட்டியின் அடியிலே நான்கு முனைகள் வரிசையாக நிற்கும். ஆங்கில எழுத்துகளில் அவை எஃப், ஏ, டி, ஈ என்று குறிக்கப்பட்டிருக்கும். எஃப் புலச்சுருளுக்கு, ஏ அம்பியர்மானி வழியாகப் பற்றரிக்கு, டி டைனமோவின் வெளியீட்டுக்கு, ஈ புவித்தொடுப்புக்கு. இந்நான்கையும் சேர்த்து வாசித்தால் 'மங்கிப்போதல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். விளக்குச் சாதனத்துக்கு இதனினும் பொருத்தமற்ற மந்திரம் இராது. ஆயினும் நினைவில் நிற்பதற்கு இதுவே உதவி.

அப்பெட்டியினுள் இரண்டு மின்காந்தங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, டைனமோவின் வோல்ற்று மிகும்போது புலச்சுருளுக்குச் செல்லும் ஓட்டத்தைக் குறைத்து அதனை அடக்குவது. மற்றது, டைனமோவின் வோல்ற்று பற்றரியினதை விஞ்சும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, எஞ்சின் மெதுவாகும்போது பிரித்துவிடுவது. இப்பிரிப்பான் இல்லாவிடின், வண்டி நிற்கும்போது பற்றரியின் மின் பின்னோக்கி டைனமோவுக்குப் பாய்ந்துவிடும். அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் நேர்வதும் அதுவே: எஞ்சின் நின்ற பின்னும் அம்பியர்மானியின் முள் எதிர்ப்புறத்தின் கோடியிற் சாய்ந்து நிற்கும். அவ்வேளையிற் செய்யத்தக்கது ஒன்றே. ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொண்டு பற்றரியின் இணைப்பை உடனே கழற்றிவிட வேண்டும். தாமதித்தால் கம்பிகள் புகையத் தொடங்கும்.

1950களின் நடுப்பகுதியிலிருந்து பல வண்டிகளில் டைனமோ நீங்கி ஆடலோட்ட மின்பிறப்பாக்கி வந்தது. 1960களில் 12 வோல்ற்று முறை பரவியது. அவற்றின் கம்பி வழிகள் வேறானவை. இங்கே பேசப்படுவது 6 வோல்ற்று டைனமோ வண்டி பற்றியே.

வேலையைத் தொடங்குவோர் முதலிற் செய்யும் பிழை, பழைய கம்பிகளை வெட்டி எறிவது. அவை எவ்வளவு அழுகியிருப்பினும், நீளத்துக்கும் வழிக்கும் அவையே சான்று. ஒவ்வொரு முனைக்கும் ஒரு துண்டுக் கடதாசியைக் கட்டி, எங்கிருந்து எங்கே செல்கின்றது என்று எழுதி, படமும் வரைந்துகொள்ள வேண்டும். இக்காலத்திற் கைத்தொலைபேசியினாலேயே புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் கையால் வரைந்த படத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: வரைபவர், ஒவ்வொரு கோடும் ஏன் செல்கின்றது என்று சிந்தித்தே ஆக வேண்டும். பழைய கம்பிக் கட்டை ஒரு பலகையில் விரித்து ஆணிகளால் நிறுத்தி, அதன் மேலேயே புதிய கட்டை அமைப்பது தேர்ந்தோர் கையாளும் முறை.

அடுத்து எழும் வினா, பற்றரியின் எம்முனை சட்டத்தோடு தொடுக்கப்பட்டது என்பது. வண்டியின் இரும்புச் சட்டமே மின்னின் திரும்பு வழியாக அமைவதால், பற்றரியின் ஒரு முனை அதனோடு இணைந்திருக்கும். 1950க்கு முற்பட்ட பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எதிர்முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஏறத்தாழ 1951 முதல் நேர்முனை அவ்விடத்தைப் பெற்றது. இன்றைய கார்களைப் பழகியவர் நேர்முனையைச் சட்டத்தில் இணைப்பதை ஒரு பிழையென்றே எண்ணித் திருத்த முற்படுவர். நிறத்தாலும் இங்கே ஏமாற்றம் நேரும். சிவப்புக் கம்பி என்றால் உயிர்க்கம்பி என்பது பலருடைய எண்ணம். நேர்முனைப் புவித்தொடுப்புடைய 1950, 1960களின் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களிலோ சிவப்பு, சட்டத்துக்குச் செல்லும் கம்பியாகும். கபில நிறத்தில் நீலக் கோடுடைய கம்பியே பற்றரியின் உயிர்முனையிலிருந்து வருவது. இதை அறியாது சிவப்பைப் பிடித்து உயிர்முனையிற் பொருத்தினால், ஆளியைத் தொடுமுன்னரே தீப்பொறி பறக்கும்.

டைனமோவும் தன் முனைமையை 'நினைவில்' வைத்திருக்கின்றது. அதன் இரும்பிலே எஞ்சியிருக்கும் சிறிய காந்தமே அந்நினைவு. முனைகளை மாற்றி அமைக்க விரும்பினால், அல்லது நெடுங்காலம் கிடந்து அந்நினைவு அழிந்திருந்தால், அதனைப் புதுப்பிக்க வேண்டும். டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பற்றரியின் புவித்தொடுப்பு முனையை டைனமோவின் உடலோடு இணைத்து, உயிர்முனையிலிருந்து ஒரு கம்பியைப் புலச்சுருள் முனையில் ஓரிரு கணம் தொட்டு எடுத்தால் போதும். டைனமோ நலமாயுள்ளதா என்று காண்பதும் எளிது. இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் உடலுக்கும் இடையே ஒரு வோல்ற்றுமானியை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டினால், விரைவு கூடுந்தோறும் முள் சீராக ஏற வேண்டும். ஏறாவிடின், காபன் தூரிகைகள் தேய்ந்தனவா, அவை உராயும் செம்புத் துண்டுகளிற் கரி படிந்துள்ளதா என்று பார்த்த பின்னரே சுருள்களைச் சந்தேகிக்க வேண்டும்.

கம்பியைத் தெரிவு செய்வதிற் சிக்கனம் கூடாது. வீட்டுச் சுவருக்குரிய ஒற்றைத் தடிக்கம்பி இங்கே உதவாது. ஒற்றை உருளை எஞ்சினின் அதிர்வில் அது சில மாதங்களுக்குள் முறிந்துவிடும். பல மெல்லிய செம்பிழைகளால் ஆன, மோட்டார் வாகனத்துக்கெனச் செய்யப்பட்ட கம்பியே வேண்டும். 0.30 மில்லிமீற்றர் விட்டமுள்ள 14 இழைகள் கொண்ட கம்பி ஏறத்தாழ 1 சதுர மில்லிமீற்றர் பரப்புடையது. விளக்குக்கும் ஊதுகுழலுக்கும் இது போதும். பற்றரி, அம்பியர்மானி, டைனமோ ஆகியவற்றை இணைக்கும் முதன்மைக் கம்பிகளுக்கு 28 இழைகள் கொண்டது நன்று. பழைய கம்பிகள் இரப்பர் உறையின் மேற் பஞ்சு நூல் பின்னி அரக்குப் பூசப்பட்டவை. பார்வைக்கு அழகாயினும், வெயிலிலும் எண்ணெயிலும் இரப்பர் இறுகி வெடித்துவிடும். உள்ளே பிளாஸ்ரிக் காவலியும் வெளியே பின்னிய நூலும் உடைய கம்பிகள் இன்று கிடைக்கின்றன. பழைய தோற்றத்தையும் புதிய பாதுகாப்பையும் ஒருங்கே விரும்புவோர்க்கு அவை பொருந்தும்.

ஆறு வோல்ற்று முறையின் இரகசியம் முழுவதும் தொடுப்புகளிலேயே அடங்கியுள்ளது. ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 30 வாற்று முன்விளக்கு, 6 வோல்ற்றில் 5 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். துருப்பிடித்த முனைகளாலும் தளர்ந்த ஆணிகளாலும் வழியிலே மொத்தம் பத்தில் ஒரு ஓம் தடை ஏற்பட்டதென்று கொள்வோம். அத்தடையிலே அரை வோல்ற்று வீணாகும். ஆறில் அரை போனால் என்ன என்று தோன்றும். ஆனால் இழை விளக்கின் ஒளி, வோல்ற்று குறையும் விகிதத்தினும் பன்மடங்கு விரைந்து குறைவது. அரை வோல்ற்று இழப்பினால் ஒளியில் நாலில் ஒரு பங்கு போய்விடும். அதே 30 வாற்று விளக்கு 12 வோல்ற்று முறையில் இருந்தால், மின்னோட்டம் இரண்டரை அம்பியர். அதே தடையில் இழப்பது கால் வோல்ற்று. ஒளியிற் குறைவது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மட்டுமே. நல்ல கம்பியோ மிகச் சிறிதளவே வோல்ற்றை உண்கின்றது. பற்றரியிலிருந்து முன்விளக்கு வரை ஒன்றரை மீற்றர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் இழப்பு, வோல்ற்றில் எட்டில் ஒரு பங்களவே. குற்றவாளி கம்பியன்று, மூட்டு என்பது இதனால் விளங்கும்.

மூட்டுகளிலும் மிகக் கேடானது எவரும் பாராத திரும்பு வழி. முன்விளக்கிலிருந்து சட்டத்துக்கு மின் எவ்வழி திரும்புகின்றது? விளக்குக் கிண்ணத்தின் ஆணி வழியாக முன்கவைக்கும், அங்கிருந்து கைபிடித் தலைப்பிலுள்ள எஃகுக் குண்டுகள் வழியாகச் சட்டத்துக்கும் அது செல்ல வேண்டும். அக்குண்டுகளோ கிறீசிலே தோய்ந்திருப்பவை. புதிதாக நிறந்தீட்டிய வண்டியில் நிலைமை இன்னும் மோசம். நிறப்பூச்சு ஒரு சிறந்த காவலி அன்றோ! எஞ்சினையும் சட்டத்தையும் பளபளக்கச் செய்த பின்னர் விளக்கு மங்குகின்றதே என்று வருந்துவோர் பலர் இக்காரணத்தை அறியார். பின்விளக்கின் திரும்பு வழியும் சேற்றுக்காப்புத் தகட்டின் துருவேறிய ஆணிகளையே நம்பியிருக்கின்றது. ஆதலின் ஒவ்வொரு விளக்குக்கும், றெகுலேற்றரின் ஈ முனைக்கும் தனித்தனியே ஒரு புவித்தொடுப்புக் கம்பியை இட்டு, அவற்றைப் பற்றரியின் அருகே ஓர் ஆணியில், நிறப்பூச்சைச் சுரண்டி நீக்கிய வெறும் இரும்பின் மேல், ஒன்றுசேர்ப்பது சிறந்தது. தொழிற்சாலையார் இதனைச் செய்யவில்லை. செய்திருந்தால் லூக்காஸ் அவர்கள் அப்பட்டப் பெயருக்கு ஆளாகியிரார் என்று சொல்லலாம். றெகுலேற்றரின் புவித்தொடுப்பு அறுந்தால் வேறொரு விபரீதமும் உண்டு: டைனமோவை அடக்குவாரின்றி வோல்ற்று ஏறி, மின்குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோகும்.

கம்பியின் முனைகளை எவ்வாறு முடிப்பது என்பதில் தொழிலறிந்தோரிடையே இரு கட்சிகள் உண்டு. ஈயம் உருக்கிப் பற்றவைப்பதே உறுதி என்பர் சிலர். உரிய குறட்டினால் நெரித்து இறுக்குவதே நன்று என்பர் வேறு சிலர். பற்றவைக்கும்போது ஈயம் இழைகளினூடே ஊறி ஏறி, சிறிது தூரம் கம்பியைத் தடியைப்போல் விறைக்கச் செய்கின்றது. அவ்விறைப்பு முடியும் இடத்திலேயே அதிர்வினால் இழைகள் முறியும். நெரித்து இறுக்குவதில் இக்குறை இல்லை. ஆனால் மலிவான குறடு கொண்டு செய்தால் சில நாளில் முனை கையோடு வந்துவிடும். எம்முறையைக் கொண்டாலும், மூட்டுக்கு அடுத்த பகுதியை அசையாதபடி கட்டி வைப்பதே முக்கியம். முறுக்கிச் சுற்றி மேலே பிசின் நாடா ஒட்டுவது மட்டும் எக்கட்சிக்கும் உடன்பாடன்று.

கம்பிக் கட்டைச் சட்டத்தோடு கொண்டு செல்கையில், கைபிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். எக்கோடியிலும் கம்பி இழுபடவோ, சட்டத்துக்கும் கவைக்கும் இடையே நசுங்கவோ கூடாது. விளக்குக் கிண்ணத்தின் துளை ஒவ்வொன்றுக்கும் இரப்பர் வளையம் வேண்டும். வெறுந்தகட்டின் விளிம்பு கத்தியை ஒத்தது. பெற்றோல் தாங்கியின் அடியிலே செல்லும் பகுதி உராய்வுக்கு இடமாகாமல் உறையினுள் இருத்தல் இன்றியமையாதது.

பழைய வண்டிகளிற் பலவற்றில் உருகியே இல்லை. இருந்தவற்றிலும் ஒன்றுக்கு மேல் இல்லை. உருகியின்றி உயிர்க்கம்பி ஒன்று சட்டத்தைத் தொட்டால், 5 அம்பியர் செல்ல வேண்டிய வழியில் 50 அம்பியர் பாயும். மின்னோட்டம் பத்து மடங்காகும்போது கம்பியில் எழும் வெப்பம் நூறு மடங்காகின்றது. காவலி எரிவதற்குச் சில கணங்கள் போதும். பழமையைக் கெடுக்கக் கூடாதென்று உருகியைத் தவிர்ப்போர் உண்டு. தோற்றத்தைக் காக்கும் ஆசை மதிக்கத்தக்கதே. ஆயினும் பற்றரியின் உயிர்முனைக்கு அடுத்தே, இருக்கையின் அடியில் மறைவாக, 15 அம்பியர் உருகி ஒன்றை வைப்பதால் எவருடைய கண்ணும் உறுத்தப் போவதில்லை.

டைனமோவை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய றெகுலேற்றரின் உறைக்குள் மின்னணு ஒழுங்காக்கியை ஒளித்து வைத்து, வண்டியை 12 வோல்ற்றுக்கு மாற்றுவோரும் இன்று உளர். லூக்காஸின் நீளமான டைனமோ வகை 60 வாற்று தரவல்லது; 12 வோல்ற்றுக்கு அது சற்றுக் கூடிய விரைவிற் சுழல வேண்டும் என்பதே வேறுபாடு. காட்சிக்கு மட்டும் நிற்கும் வண்டிக்கு இம்மாற்றம் வேண்டியதில்லை. இன்றைய வாகன நெரிசலில் இரவில் ஓட்ட எண்ணுபவர்க்கோ, பிறர் கண்ணுக்குப் புலப்படும் பின்விளக்கு, பழமையினும் பெரிது.

எல்லாம் இணைத்த பின் பற்றரியை நேரே பூட்டிவிடல் ஆகாது. உருகியின் இடத்தில் ஒரு மின்குமிழைத் தொடரிணைப்பாக வைத்து, எல்லா ஆளிகளும் அணைந்திருக்கப் பற்றரியை இணைக்க வேண்டும். குமிழ் ஒளிர்ந்தால் எங்கோ உயிர்க்கம்பி சட்டத்தைத் தொடுகின்றது, ஒளிராவிடின் அச்சமில்லை. பின்னர் உருகியைப் பொருத்தி ஒவ்வொரு விளக்காக ஏற்றிப் பார்க்கலாம். எஞ்சின் நின்றபடியே முன்விளக்கை ஏற்றினால், அம்பியர்மானியின் முள் இழப்புப் பக்கமாக ஐந்தாறு அம்பியர் சாய வேண்டும். வரவுப் பக்கம் சாய்ந்தால் மானியின் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன என்பதே பொருள், மாற்றிவிட்டாற் போதும். விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் பற்றரியின் முனைகளிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ற்றை அளந்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு வோல்ற்றில் மூன்றில் ஒரு பங்கை விஞ்சினால், திரும்பு வழியிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

அதன் பின்னர் எஞ்சினை இயக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது முள் இழப்புப் பக்கமே நிற்கும். விரைவைக் கூட்டக் கூட்ட நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து, வீதியில் ஓடும் சாதாரண விரைவில் அதனைக் கடந்து வரவுப் பக்கம் சற்றே சாயும். முதல் நூறு மைல் ஓடியபின் கம்பிக் கட்டுகளையும் முனை ஆணிகளையும் ஒருமுறை சோதித்து, அதிர்வினால் தளர்ந்தவற்றை இறுக்கிவிட வேண்டும். பற்றரியின் முனைகளுக்குச் சிறிது வாசலீன் பூசிவிடவும் வேண்டும்.